உட்கார்ந்தால் 128, எழுந்து நின்றால் 98

அப்பா கொல்லையில் விழுவதற்கு ஏழு மணி நேரம் முன்புதான் அவருக்கு பிரஷர் பார்த்தேன். 128/70. நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன். எழுபத்தாறு வயசுக்கு இதைவிட நல்ல அளவு வேண்டுமா என்று தங்கச்சிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னதும் அன்றைக்குத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்தவர், கொல்லைக் கதவைத் திறந்து இரண்டு எட்டுதான் வைத்திருக்கிறார். துவைக்கிற கல்லில் நெற்றி மோதி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு உடைந்தது. புருவத்துக்கு மேலே ஆறு தையல். கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், 71,400 ரூபாய். ஆறு வாரம் மாவுக்கட்டு. நாற்றங்கால் விட வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் அந்த வருஷம் எங்களுக்குக் குறுவையே இல்லை. இத்தனைக்கும் மிஷின் பொய் சொல்லவில்லை. 128 என்பது நிஜமான 128தான். அதே ஆள் எழுந்து நின்றால் என்ன வரும் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிரஷரில் ஆரம்பித்த வினை இல்லை இது. முழங்காலில் ஆரம்பித்தது. ஐம்பது வருஷம் சேற்றில் நின்ற கால். ஐப்பசி அடைமழையில் வலி கூடியது. குடவாசல் கடைத்தெருவில் 'மூட்டுவலி மாத்திரை' என்று கேட்டால் பத்து மாத்திரையைக் கத்தரித்துக் கையில் கொடுப்பார்கள். டைக்ளோஃபினாக். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலி கேட்டது, அதனால் நிறுத்தவில்லை. இந்த வகை வலி மாத்திரைகள் எல்லாமே (ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக், ஈடோரிகாக்சிப் எல்லாம் இதே வகையறா) கிட்னியை உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கச் சொல்லும். அதனால் பிரஷர் ஏறும். பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையின் வேலையையும் இது மழுங்கடிக்கும். வயசானவருக்கு புதிதாக பிரஷர் ஏறியிருக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது 'கடந்த ஆறு மாசத்தில் வலிக்கு என்ன சாப்பிட்டார்' என்பதைத்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்கள் கணக்கில் அது மருந்தே இல்லை. ஜலதோஷத்துக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, வாயுவுக்குத் தண்ணீரில் போட்டால் பொங்கும் உப்புத் தூள், ஏன், இருமலுக்கு மாசக்கணக்கில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம்கூட பிரஷரை ஏற்றக்கூடியவைதான். அதிமதுரம் பொட்டாசியத்தையும் இறக்கிவிடும்.

தை மாசம் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். அப்பா வெயிலில் நடந்து போனார். வரிசையில் நிற்கும்போது ஒரு டீ. பிறகு முதுகு சாய இடமில்லாத ஸ்டூல், மடித்து இறுக்கிய சட்டைக் கை, ஊர்க்கதை பேச்சு, அடக்கி வைத்த மூத்திரம். 172/84. ஒரே ஒரு தடவை பார்த்த அளவு. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பின்னால் எல்லாமே நடந்தது. பிரஷர் பார்ப்பது நெல் ஈரம் பார்ப்பது மாதிரி. மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

சரியாகப் பார்க்கும் முறையை விலாவாரியாகவே எழுதுகிறேன், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி, டீ, வெற்றிலை-புகையிலை, நடை எதுவும் கூடாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வர வேண்டும். முதுகு சாய்கிற நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். டிவி ஓடக் கூடாது. பட்டையை வெறும் கையில் சுற்றுங்கள், அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். கையை மேஜை மேலோ தலையணை மேலோ வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும்; கை தொங்கினால் அளவு கூடும். மிஷின் ஓடும்போது பேசினாலே மேல் அளவு (முதலில் வரும் எண்) பத்து வரைக்கும் ஏறலாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன்பு, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்பு. இப்படி ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது வரம்பு என்றால், வீட்டில் பார்க்கும் சராசரிக்கு 135/85 வரம்பு. முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூட வருகிறதோ அந்தக் கையையே தொடருங்கள்.

மிஷின் மேல்கையில் சுற்றுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும்போது பட்டையில் எழுதியிருக்கும் சென்டிமீட்டரைப் பாருங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சுற்றளவுள்ள கைக்குத்தான். பருமனான கைக்கு இது சின்னது, அளவைக் கூட்டிக் காட்டும். எலும்பும் தோலுமாக இருக்கிற தாத்தா கைக்கு இதுவே பெரிசாகி, குறைத்துக் காட்டலாம். தையற்காரர் டேப்பை வைத்து அளந்துவிட்டுப் போங்கள். நாடி விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்த மிஷின்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டும். அது மிஷின் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

முகாம் அளவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனோம். அம்லோடிபின் 5 மில்லிகிராம். நல்ல மருந்து, மலிவானது, அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது முழு வேலையைக் காட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் மூன்றாம் நாளே 'குறையலையே' என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டோம். அதே தை மாசம், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் (2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது) வீடு வீடாக வரும் அம்மாவிடம் அத்தை அப்பாவின் பெயரையும் கொடுத்துவிட்டார்; வீட்டுக்கே மாத்திரை வந்தது. அந்த அம்மா முறையாகத்தான் கேட்டார், 'வேற எதாச்சும் சாப்பிடுறாங்களா?' அத்தை 'கால்வலிக்குத்தான்' என்று சொல்லிவிட்டார். வந்ததும் அம்லோடிபின்தான். அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு. ஆகவே 'கிளினிக் மாத்திரை' காலையிலும் 'கவர்மெண்ட் மாத்திரை' ராத்திரியும் போனது. ஐந்து பத்தாகிவிட்டது, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லித்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.

மாசியில் இரண்டு காலும் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் குழியாக நின்றது. அம்லோடிபின் அளவு கூடக் கூட இது வரும். மருந்து சின்ன ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதனால் நீர் பிரியும் மாத்திரை கொடுத்து இந்த வீக்கத்தை வடிக்க முடியாது. அளவைக் குறைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. 'கிட்னி போயிருக்குமோ' என்ற பயத்தில் வேறொரு டாக்டரிடம் ஓடினோம். பழைய சீட்டை எடுத்துப் போகவில்லை. அவர் பிரஷர் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார், டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மருந்தும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை எழுதினார். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று வால் இருந்தால் இந்த நீர் மாத்திரை உள்ளே இருக்கிறது என்று பொருள். பழையதை நிறுத்தச் சொன்னாரா, தொடரச் சொன்னாரா என்று வெளியே வந்த பிறகு எனக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம். திரும்பிப் போய்க் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டையும் தொடர்ந்தோம். அந்த வெட்கத்தின் விலை என்னவென்று மேலேயே எழுதிவிட்டேன்.

சித்திரையில் அப்பா ராத்திரி நாலைந்து தடவை எழுந்தார். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே நீர் மாத்திரையை ராத்திரி கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது 'வயசான ஆம்பளைங்களுக்கு வர்ற பிராஸ்டேட்' என்று தோன்றியது. அதற்கு டாம்சுலோசின் வந்தது. இது மூத்திரப்பாதைத் தசையைத் தளர்த்தும் மருந்து. சிலருக்கு, அதுவும் வயசானவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது பிரஷரைச் சட்டென்று இறக்கும். ஆக முழங்கால் மாத்திரை பிரஷரை ஏற்றியது, பிரஷர் மாத்திரை காலை வீங்க வைத்தது, வீக்கத்துக்கு வந்த மாத்திரை ராத்திரி எழுப்பியது, அதை நிறுத்த வந்த மாத்திரை எழுந்த ஆளைத் தள்ளிவிட்டது. இப்போது வரிசையாக எழுதும்போது எட்டாங்கிளாஸ் பையனுக்குக்கூடப் புரிகிறது. அப்போது ஒவ்வொன்றும் தனித்தனி நோயாகத்தான் தெரிந்தது, நாலு இடத்தில் நாலு சீட்டு.

உடம்பு எச்சரிக்கை கொடுக்காமல் இல்லை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் 'கண்ணை இருட்டுதுடா' என்று தூணைப் பிடித்துக்கொள்வார். நம் ஊர்ச் சாப்பாடு ஒரு குண்டான் சோறு. சாப்பிட்ட ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ரத்தம் குடலுக்குப் போய்விடுவதால் வயசானவர்களுக்கு அப்போது பிரஷர் இறங்கும், சோறு மாதிரி மாவுச்சத்து அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது ஒரு தடவை தள்ளாடினார். பேச்சில் ஒரு மந்தம், கணக்கில் தடுமாற்றம், எப்போது பார்த்தாலும் அசதி. கத்திரி வெயில் வேறு. வேர்வை கொட்டும் வெயில் காலத்தில் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும். மார்கழிக் குளிரில் எழுதிய அளவுள்ள மாத்திரை வைகாசிக்குக் கூடுதலாகப் போகலாம். இதையெல்லாம் நாங்கள் 'வயசாயிடுச்சு, சத்து இல்லை' என்று முடிவு கட்டி டானிக் வாங்கினோம். அதற்கு 480 ரூபாய்.

விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. ஆனால் ஆள் பாதி மயக்கத்தில் இருந்தார், என்னைத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தத்தில் சோடியம் 119. இருக்க வேண்டியது 135 முதல் 145. ஹைட்ரோகுளோரோதயசைடு வகை மாத்திரை வயசானவர்களுக்குச் செய்யும் மிகப் பழக்கமான கெடுதல் இது. 'உப்பு குறைஞ்சிருக்கு' என்று நர்ஸ் சொன்னதும் அத்தை வீட்டிலிருந்து உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸைத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டார். நானும் 'சீக்கிரம் உப்புத் தண்ணி ஏத்தினா என்ன' என்று ட்யூட்டி டாக்டரிடம் குரலை உயர்த்தினேன். சோடியத்தை ஒரே நாளில் மளமளவென்று ஏற்றினால் மூளை நரம்பு பாதிக்கும், அதனால் ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் பத்து என்ற கணக்கில்தான் ஏற்ற முடியும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஐந்து நாள் ஆனதற்கு அதுதான் காரணம். வெறும் மணிக்கட்டு மட்டுமென்றால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்திருக்கலாம். சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததால்தான் இப்படி ஆனது என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது இல்லை. மாத்திரை சோடியத்தை வெளியே தள்ளுகிறது, உள்ளே நிற்கும் தண்ணீர் மிச்சத்தை நீர்க்கச் செய்கிறது. தட்டில் இரண்டு ஸ்பூன் கூடப் போட்டால் சரியாகிற சங்கதி இல்லை.

மூன்றாம் நாள் வயசான ஒரு பொது மருத்துவர் வந்தார். 'வீட்டுல இருக்கிற மாத்திரை அத்தனையும் கொண்டாங்க தம்பி, சீட்டு வேண்டாம், மாத்திரையைக் கொண்டாங்க' என்றார். மஞ்சள் பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். ஐந்து அட்டை. ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது எதுக்கு?' என்று கேட்டார். மூன்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அப்பாவைப் படுக்க வைத்தே பிரஷர் பார்த்தார்: 134/72. இரண்டு பேர் பிடித்து நிற்க வைத்து, ஒரு நிமிஷத்தில் 104/60. மூன்றாவது நிமிஷத்தில் 98/58. 'நீங்க நின்னு பார்த்தீங்களா?' என்றார். அதுவரை எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் மற்றவர்கள் மேல்தான் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த டிக் போட்ட நோட்டை நினைத்து அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். வயசாக ஆக ரத்தக் குழாய், வெயிலில் கிடந்த போர்செட் ஹோஸ் மாதிரி விறைத்துப் போகிறது. புது ஹோஸ் தண்ணீர் அடிக்கும்போது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விறைத்தது விரியாது, அதனால் அடிக்கிற அழுத்தம் அப்படியே மேல் அளவில் ஏறுகிறது. கீழ் அளவு ஏறாமல், சில சமயம் குறைந்தே நிற்கும். 172/84 மாதிரி அளவுகள் முதியவர்களுக்கு வருவது இதனால்தான். இரண்டாவது விஷயம், நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்குகிறது. கழுத்துக் குழாயில் இருக்கிற ஒரு உணர்வு முனை அதைக் கண்டு, இதயத்தை வேகப்படுத்தி, குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். வயசானவர்களுக்கு அது மெதுவாகிவிடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு தூங்கி எழுந்து மதகைத் தூக்கப் போகிற ஆள் மாதிரி. அந்தச் சில நொடியில்தான் விழுகிறார்கள். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நோய் என்றே கணக்கு. அப்பாவுக்கு 36 இறங்கியிருந்தது.

வீட்டில் இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்று நிமிஷத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும், பின்னால் கட்டிலோ நாற்காலியோ இருக்க வேண்டும். நிற்கும்போதும் பட்டை சுற்றிய கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக இருக்கட்டும். புது மாத்திரை ஆரம்பித்த பிறகும், அளவு கூட்டிய பிறகும், வெயில் காலம் தொடங்கும்போதும் இப்படிப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு தடவை. தலைசுற்றல் இல்லை என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். பழகிப்போனவர்களுக்கு மயக்கம் தெரியாது, விழுவது மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்தப் பொது மருத்துவர் ஆறு வாரத்தில் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். டைக்ளோஃபினாக்கும் நீர் மாத்திரையும் உடனே நின்றன. ஹைட்ரோகுளோரோதயசைடு இனி எப்போதும் வேண்டாம் என்று சீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அம்லோடிபின் இரண்டும் நிறுத்தம். இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது, ராத்திரி எழுவது இரண்டு தடவையாகக் குறைந்தது. ஸ்கேனில் பிராஸ்டேட் பெரிதாக இல்லை என்றதும் டாம்சுலோசினும் போனது. முழங்காலுக்கு வலி அதிகமான நாளில் மட்டும் பாராசிட்டமால் (தண்ணீரில் கரைகிற வகை வேண்டாம், அதில் சோடியம் நிறைய), தடவுகிற மருந்து, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சி. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 20இல் தொடங்கி 40, அது ஒன்று மட்டும். தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), பொட்டாசியம், சோடியம் மூன்றும் பார்த்தோம். இந்தச் சோதனை 500, 600 ரூபாய்க்குள் முடிந்தது. அந்த எச் மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் இதைச் செய்திருந்தால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால், குளோனிடின் இதையெல்லாம் சட்டென்று நிறுத்தினால் பிரஷரோ இதயத் துடிப்போ எகிறும். இன்னொரு பக்கம், 'வயசோட நூறைக் கூட்டிக்க, அதுதான் பிரஷர்' என்று திண்ணையில் சொல்வார்களே, அதையும் நம்பாதீர்கள். அறுபது தாண்டியவர்களில் மேல் அளவு மட்டும் கூடியிருப்பவர்களை வைத்துச் செய்து 1991இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எண்பது தாண்டியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. அதில் இலக்கு 150/80. மருந்து எடுத்தவர்களில் இறப்பே குறைந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எண்பது வயசிலும் மருந்து வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆய்வுகளிலும் நிற்க வைத்துப் பார்த்தார்கள், மெதுவாகக் கூட்டினார்கள். தள்ளாடும் ஆளுக்கு 120க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று நிற்பது வேறு, நின்றாலும் விழாத அளவில் 140க்குக் கீழே வைப்பது வேறு. உங்கள் அப்பாவுக்கு எது இலக்கு என்று டாக்டரிடம் எண்ணாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒரு தாள் தொங்குகிறது. மருந்தின் பெயர், அளவு, எந்த நேரம், யார் எப்போது ஆரம்பித்தது, எதுக்கு. கடைசிக் கட்டத்துக்குப் பதில் இல்லாத மாத்திரை வீட்டுக்குள் வராது. எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளும் பையும் கூட வரும். மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் தேதியும் இருக்கிற துண்டையே கேட்டு வாங்குகிறேன். புதிய மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி: இது எதுக்கு, எது நிற்கிறது, எப்போது ரத்தம் பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்தால், சாப்பிட முடியாமல் போனால், டெல்மிசார்ட்டானைத் தொடரலாமா என்று அன்றைக்கே போனில் கேட்டுவிடுகிறோம். உடம்பு வறண்டிருக்கும்போது அது கிட்னியைப் பதம் பார்க்கும். அரசு மாத்திரையைத்தான் இப்போதும் வாங்குகிறோம், மக்கள் மருந்தகத்திலும் வாங்கியிருக்கிறோம். மலிவாக இருப்பதில் ஒரு குறையுமில்லை, இரண்டு இடத்தில் ஒரே மருந்தை வாங்கியதுதான் தப்பு.

ராத்திரிக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் மூத்திரக் குடுவை. எழுபது ரூபாய்க்கு மேல் இல்லை. அப்பா ஒரு வாரம் முரண்டு பிடித்தார், 'நான் என்ன படுத்த படுக்கையா' என்று. அப்புறம் மழை நாளில் அவரே கேட்டார். எழுவதானால் முதலில் காலை ஆட்டி, பாதத்தை மேலும் கீழும் மடக்கி, கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான். நின்றுகொண்டு ஒண்ணுக்குப் போவதில்லை. காலையில் எழுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர். சாப்பாடு மூன்று வேளைக்குப் பதில் சிறு சிறு அளவாக நாலு வேளை, சாப்பிட்ட அரை மணி திண்ணையில் உட்கார்ந்தே இருப்பார். கொல்லைக் கதவில் ஒரு சின்ன விளக்கு, நிலைப்படியில் கைப்பிடிக் கம்பி. கொல்லத்துக்காரர் கூலியோடு 900 ரூபாய்.

உப்பு விஷயத்தில் நம் டெல்டாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் நமக்குப் பக்கத்தில். உப்பை நாம் சும்மா விடுவோமா? ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. குழம்பில் போடுவதை மட்டும் குறைத்துப் பிரயோஜனமில்லை. பழைய சோற்றுக்கு நாரத்தங்காய், மோர்மிளகாய், அப்பளம், வடகம், வெள்ளிக்கிழமை தவிர்த்த மற்ற நாளில் கருவாடு, இவற்றில்தான் முக்கால்வாசி போகிறது எங்கள் வீட்டில். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் கிட்னி பலவீனமானவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. அவர்களுக்குத் தினம் இரண்டு மூன்று இளநீர்கூட பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். கொள்ளிடக் கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒரு நாள் திடீரென்று 180 காட்டினால் என்ன செய்வது என்பதையும் அந்த டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொண்டேன். வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அமைதியாக உட்கார வைத்து, அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வலியா, தூக்கமின்மையா, மாத்திரை விட்டுப்போனதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் பேசினால் போதும். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்குக்கு அடியில் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. முதியவருக்குப் பிரஷரை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் பக்கவாதமே வரலாம். ஆனால் வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குளறினால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், பார்வை சட்டென்று போனால், மிஷின் என்ன காட்டினாலும் உடனே 108 ஆம்புலன்ஸ்தான். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான். எங்கள் ஊர் மாதிரி இடத்திலிருந்து ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகவே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இந்த வருஷம் கார்த்திகை பாதியிலிருந்து காலை அளவு 140ஐத் தாண்டி 146, 148 என்று வருகிறது. குளிருக்கு அப்படித்தான் கொஞ்சம் ஏறும் என்று தெரிந்தாலும் ஏழு நாள் அளவையும், படுத்தும் நின்றும் பார்த்ததையும் எழுதிக் கொண்டுபோனேன். நின்றபோது 138, இறக்கம் பத்துக்குள்தான். பொங்கல் வரைக்கும் பார்க்கலாம், மாத்திரையைக் கூட்ட வேண்டாம், நாரத்தங்காயை மட்டும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அப்பா அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார். ஜாடி இன்னும் உறியில்தான் இருக்கிறது. நேற்று பார்த்தேன், அளவு குறைந்திருக்கிறது.